எந்த நோய்க்கு டாக்டர்? – பிஎச்டி முடித்து ஆசிரியப் பணிக்குள் நுழையும் லத்தீனாக்கள்

தென்கரை (இழையைத் தொடங்கியவர்)

டெக்சாஸில் நான் பிஎச்டி செய்தபோது பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லையான ரியோ கிராண்டே ஆற்றங்கரை ஊர்க்காரி. இவள் பிறந்தது ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாட்டி பிறந்தது அந்தப் பக்கம். அப்பா லாரி ஓட்டுநர். அம்மாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவள்தான்.

பட்டமளிப்பு விழாவுக்கு மூன்று வண்டியில் 19 பேர் வந்து இறங்கினார்கள். பாட்டி அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "தொக்தோரா தெ கே?" என்று கேட்டார். எந்த நோய்க்கு டாக்டர் என்கிற மாதிரி ஒரு கேள்வி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் அப்பத்தா கேட்டதும் இதேதான்.

இப்போது அவள் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். மூன்றாவது வருடம். போன வாரம் போனில் ஒரு மணி நேரம் பேசினோம். அதில் ஒன்று மட்டும் மனதில் நின்றுவிட்டது. "பிஎச்டியில் எதில் பரீட்சை என்றாவது தெரிந்தது. இங்கே தினமும் பரீட்சை நடக்கிறது, பாடம் என்ன என்றுதான் யாரும் சொல்வதில்லை."

2020 மக்கள்தொகைக் கணக்கில் அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 6.2 கோடி பேர், நூற்றுக்குக் கிட்டத்தட்ட 19. இளநிலை மாணவர்களிலும் ஐந்தில் ஒருவர் அவர்கள்தான். ஆனால் கல்லூரி, பல்கலைக்கழக முழுநேர ஆசிரியர்களில் அந்த வம்சாவளிப் பெண்கள், அதாவது லத்தீனாக்கள், நூற்றுக்கு 3 பேர் அளவில்தான். பட்டம் வாங்கியதற்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் என்ன நடக்கிறது? பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். பார்த்ததைச் சொல்லுங்களேன்.

---

மணற்கேணி

முதலில் அடிப்படைக் கேள்வி. லத்தீனா, ஹிஸ்பானிக், சிகானா, லத்தீன்எக்ஸ் எல்லாம் ஒன்றா, வேறு வேறா? நான் மதுரையில் உட்கார்ந்து படிப்பவன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

---

நிலாமுற்றம்

கோபம் எதற்கு, அவர்களுக்குள்ளேயே இது தீராத சண்டை.

ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிஷ் மொழியை வைத்து வந்த பெயர். அரசாங்கப் படிவங்களில் 1970களில் ஊன்றிக்கொண்டது. லத்தீனோ (ஆண்), லத்தீனா (பெண்) என்பவை லத்தீன் அமெரிக்கா என்ற நிலத்தை வைத்து வந்தவை. போர்ச்சுகீசு பேசும் பிரேசில்காரரை இதில் சேர்க்கலாம், ஸ்பெயின் நாட்டவரைச் சேர்ப்பது கஷ்டம். சிகானா என்பது 1960களின் இயக்கத்திலிருந்து வந்த சொல். மெக்சிகோ வம்சாவளிப் பெண், அதோடு ஓர் அரசியல் நிலைப்பாடு. ஒரு காலத்தில் வசவாக இருந்ததையே எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார்கள். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் தங்களை போரிக்குவா என்பார்கள்.

லத்தீன்எக்ஸ் என்பது ஆண், பெண் என்று பிரிக்காமல் சொல்ல வந்தது, பெரும்பாலும் பல்கலைக்கழக வளாகத்துச் சொல். பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் அந்தச் சமூகத்துப் பெரியவர்களில் 47 சதவீதம் பேர்தான் அதைக் கேள்விப்பட்டிருந்தார்கள். தன்னைச் சொல்ல அதைப் பயன்படுத்துபவர்கள் 4 சதவீதம். பல்கலைக்கழகத்துக்குள் வரும் பெண் முதலில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கட்டுரையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், படிவத்தில் ஒரு பெயர். அம்மாவிடம் போய், "நாம் லத்தீன்எக்ஸ்" என்றால், "அது யாருடி?" என்பார்.

---

வாலாஜா_ரோடு

மன்னிக்கவும், கொஞ்சம் எதிர்ப்பாட்டுப் பாடுகிறேன். பிஎச்டி முடித்தவர்களில் யாருக்கு வேலை சுலபமாகக் கிடைக்கிறது? என் மச்சான் வெள்ளைக்காரர்களோடு போட்டி போட்டு மூன்று போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை) முடித்துவிட்டு இன்னும் அலைகிறான். இந்தப் பெண்களுக்காவது கோட்டா இருக்கிறது.

---

சிகாகோ_சித்தப்பா

தம்பி, கோட்டா எங்கே இருக்கிறது, காட்டுங்கள். நம்ம ஊர் 69 சதவீதத்தை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. மாணவர் சேர்க்கையில் இனவாரி இடஒதுக்கீடு செல்லாது என்று 1978-லேயே பாக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல அம்சங்களில் இனத்தையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்று அப்போது விட்டுவைத்த சிறு சந்து வழியையும் 2023 ஜூனில் ஹார்வர்ட் வழக்கில் அடைத்தாகிவிட்டது. வேலைக்கு எடுப்பதோ வேறு சட்டம். அதில் இத்தனை இடம் இன்னாருக்கு என்று ஒதுக்கி வைக்கவே முடியாது.

நான் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் 27 வருடம் இருந்தவன். ஆசிரியர் தேர்வுக் குழுவில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு இடத்துக்கு 200 விண்ணப்பம் வரும். முதல் சலிப்பில் எல்லாரும் பார்ப்பது எந்தப் பல்கலைக்கழகம், வழிகாட்டி யார் என்பதைத்தான். 2022-ல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவில் பிஎச்டி முடித்து அங்கேயே ஆசிரியரானவர்களில் 80 சதவீதம் பேர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள். எட்டில் ஒருவர் பெர்க்லி, ஹார்வர்ட், மிச்சிகன், விஸ்கான்சின், ஸ்டான்ஃபோர்ட் என்ற ஐந்தே இடங்களிலிருந்து. அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வில், ஆசிரியர்களின் அப்பாவோ அம்மாவோ பிஎச்டி வாங்கியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 25 மடங்கு வரை அதிகம் என்று வந்தது. கோட்டா என்று ஒன்று இருந்தால் அது இதுதான். லாரி ஓட்டுநர் மகள் அதில் வரமாட்டாள்.

சலித்த பிறகு மூன்று பேரைக் கூப்பிடுவோம். இரண்டு நாள். ஒரு மணி நேர உரை, அரை மணிக்கு ஒருவராகச் சந்திப்பு, இரவு ஓட்டலில் சாப்பாடு. உரையைத்தான் பரீட்சை என்று விண்ணப்பதாரர் நினைத்துக்கொள்வார். உண்மையில் சாப்பாட்டு மேசையும் பரீட்சைதான். எந்த ஊர்ச் சுற்றுலா, எந்த ஒயின், உங்கள் வழிகாட்டி எப்படி இருக்கிறார் என்று பேச்சு ஓடும். அதற்கு இயல்பாகப் பதில் சொல்பவரைப் பற்றி மறுநாள் கூட்டத்தில், "நமக்குப் பொருந்துவார்" என்பார்கள். அந்த 'பொருந்துவார்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு ஒருவரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

---

தென்கரை

சித்தப்பா சொன்ன அந்த இரண்டு நாளின் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். விமான டிக்கெட்டை அவளே எடுக்க வேண்டும், பணம் பிறகு வரும் என்றார்கள். ஓட்டலில் முன்பணத்துக்குக் கார்டைத் தேய்த்தபோது வரம்பு தாண்டிவிட்டது. ஆராய்ச்சி மாணவி உதவித்தொகையில் வீட்டுக்கும் மாதம் 200 டாலர் அனுப்பிக்கொண்டிருந்தவள். ஓட்டல் வரவேற்பறையில் நின்றபடி தம்பிக்கு போன் செய்து அவன் கார்டு எண்ணை வாங்கினாள். மறுநாள் காலை எட்டு மணிக்குத் துறைத்தலைவரோடு சிற்றுண்டி. செலவழித்த பணம் ஏழு வாரம் கழித்து வந்தது.

வேலை கிடைத்ததும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சொன்ன அறிவுரை: "வேலை கொடுக்கிறவனிடம் பேரம் பேசாதே." தொலைபேசியில் சொன்ன சம்பளத்துக்கே சரி என்றுவிட்டாள். சம்பளம், ஆய்வுத் தொடக்க நிதி, முதல் வருட வகுப்புக் குறைப்பு, வீடு மாற்றும் செலவு எல்லாமே பேசிப் பெற வேண்டியவை என்று அவளுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதே ஆண்டு சேர்ந்த சகாவின் அப்பா பேராசிரியர். அவன் மூன்று முறை கடிதம் எழுதி எல்லாவற்றையும் கூட்டி வாங்கிவிட்டானாம்.

அவள் அப்பா சொன்னது தப்பில்லை. அவர் பார்த்த உலகத்தில் பேரம் பேசியவனை அடுத்த நாள் கூப்பிடமாட்டார்கள்.

---

பொரிவிளங்காய்

நானும் இப்படித்தான் முதல் வேலையில், "தங்கள் சித்தம்" என்று கையெழுத்துப் போட்டேன். என் மேனேஜருக்கே ஏமாற்றமாகப் போய்விட்டது.

---

மணற்கேணி

இதெல்லாம் நம்ம கதையேதான். முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்கள் நம்மிடமும் எத்தனை பேர்! கிராமத்திலிருந்து ஐஐடிக்குப் போனவர்கள்…

---

தென்கரை

கேணி, ஒப்புமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்து பதிவு தாண்டினால் இழை நம்மைப் பற்றியதாகிவிடும். ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே நான் வெளிநாட்டு மாணவி. எனக்கு ஒன்று தெரியவில்லை என்றால், "பாவம், வெளியூர்" என்று விளக்குவார்கள். அவள் அந்த நாட்டிலேயே பிறந்தவள். அவளுக்குத் தெரியவில்லை என்றால் தகுதியில்லை என்று அர்த்தமாகிவிடும். ஒரே அறையில் நான்கு வருடம் இருந்தும் இது எனக்கு மூன்றாவது வருடம்தான் உறைத்தது.

---

நிலாமுற்றம்

வரலாற்றிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவருகிறேன். மார்த்தா பெர்னால். 1931-ல் சான் அன்டோனியோவில் பிறந்து எல் பாசோவில் வளர்ந்தவர். அந்தக் காலத்துப் பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை. கல்யாணம் ஆகிப் போகிற பெண்ணுக்கு மேல்படிப்பு எதற்கு என்றார் அப்பா. அம்மாவும் அக்காவும் பக்கத்தில் நின்றார்கள். 1962-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் உளவியலில் பிஎச்டி. மெக்சிகோ வம்சாவளிப் பெண்களில் அமெரிக்காவில் உளவியல் பிஎச்டி வாங்கிய முதல் ஆள் அவர்தான் என்கிறார்கள்.

அப்புறம் வேலைக்கு எழுதிப் போட்டார். பெண்களை எடுப்பதில்லை என்று பதில் வந்தது. 1960களின் தொடக்கத்தில் அப்படி வெளிப்படையாகவே எழுதலாம், சட்டம் தடுக்கவில்லை. கலிஃபோர்னியாவில் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்று வேறு வழியாக நுழைந்து, பிறகு டென்வர், அரிசோனா என்று பேராசிரியராக இருந்தார்.

அவரிடம் எனக்குப் பிடித்தது பின்னால் செய்த காரியம். முதல் பகுதி வாழ்க்கையில் நடத்தைக் கோளாறுள்ள குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி தருவது பற்றி ஆராய்ந்தவர், பிறகு தன் துறையையே கணக்கெடுக்கத் தொடங்கினார். மருத்துவ உளவியல் கற்பிக்கும் துறைகளில் சிறுபான்மை மாணவர்கள் எத்தனை பேர், ஆசிரியர்கள் எத்தனை பேர், பாடத்தில் அவர்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று எண்ணி 1982-ல் வெளியிட்டார். மெக்சிகோ வம்சாவளிக் குழந்தை தன்னை யார் என்று எந்த வயதில், எப்படி அறிகிறது என்பதையும் ஆராய்ந்தார். தன்னைப் பற்றிய கேள்வியை ஆராய்ச்சிக் கேள்வியாக்க அவருக்குப் பல வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

---

கடைசிபெஞ்ச்

நிலா சொன்ன கடைசி வரியில்தான் சிக்கலே இருக்கிறது. தன் மக்களைப் பற்றி ஆராய்ந்தால் 'சுயகதை' என்பார்கள். வேறு எதையாவது ஆராய்ந்தால், "உங்கள் சமூகத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை?" என்பார்கள்.

சிகானா எழுத்தாளர் குளோரியா அன்சால்துவாவை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு டெக்சாஸ் விவசாயக் கூலிக் குடும்பம். 1970களில் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்பில் சேர்ந்தார். சிகானா இலக்கியத்தை ஆய்வுப் பொருளாக எடுக்க அங்கே வழியில்லை. வெளியேறினார். எல்லைப்புற வாழ்க்கை பற்றி அவர் 1987-ல் வெளியிட்ட புத்தகம் நாடெங்கும் பாடமானது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் மறுபடி முனைவர் படிப்பில் சேர்ந்தார். ஆய்வேட்டை முடிப்பதற்குள் 2004-ல் நீரிழிவுச் சிக்கலில் இறந்துபோனார். அடுத்த வருடம் பல்கலைக்கழகம் பட்டத்தைக் கொடுத்தது. அவருடைய எழுத்தைப் படித்துப் பிஎச்டி வாங்கியவர்கள் பேராசிரியர்களாகிவிட்டார்கள், அவருக்கு மட்டும் கையில் வாங்கக் கொடுத்துவைக்கவில்லை.

மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாத்லில் நெபந்த்லா என்றொரு சொல் உண்டு, இடைப்பட்ட இடம் என்று பொருள். அதை அவர் எழுத்து வழியாகத்தான் பலரும் தெரிந்துகொண்டார்கள். முனைவர் பட்டத்துக்கும் வேலைக்கும் இடைப்பட்ட நிலையைப் பற்றி எழுதும் லத்தீனா ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் சொல் அது. எனக்குச் சில சமயம் அந்தச் சொல்லை ரொம்ப அழகாக்கிவிட்டார்களோ என்று தோன்றும். இடைவெளியில் நிற்பவருக்குக் கால் வலிக்கும், அதை யாரும் எழுதுவதில்லை.

---

வாலாஜா_ரோடு

சரி, கோட்டா விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உள்ளே போன பிறகு? டென்யூர் என்கிற நிரந்தரப் பணி, எழுதிய கட்டுரையை எண்ணிப் பார்த்துத் தருவதுதானே. அதில் பெண், ஆண், லத்தீனா எல்லாம் எங்கே வருகிறது?

---

சிகாகோ_சித்தப்பா

எண்ணிப் பார்ப்பது மட்டுமாக இருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

ஆறாவது வருடம் கோப்பு போகும். ஆராய்ச்சி, கற்பித்தல், சேவை என்று மூன்று பகுதி. பேச்சில் மூன்றும் சமம். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் நிஜத்தில் முதலாவதுதான் கணக்கு. கிடைத்தால் ஆயுசுக்கும் வேலை, கிடைக்காவிட்டால் ஒரு வருட அவகாசம், பிறகு வெளியே.

'சேவை' என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதில்தான் இவர்கள் மாட்டுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டின் அமாதோ பதீயா 1994-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார், கலாச்சார வரி. சிறுபான்மை ஆசிரியர் ஒருவர் இருந்தால் எல்லாக் குழுவுக்கும் அவர் வேண்டும். தேர்வுக் குழுவில் 'பன்மைத்தன்மை'க்கு ஒரு ஆள், பிரசுரத்துக்கு ஒரு படம், சமூகத்தோடு உறவுக்கு ஒரு முகம். அதோடு வளாகத்தில் இருக்கும் லத்தீனோ மாணவர்கள் எல்லாரும் அவர் அறைக் கதவைத் தட்டுவார்கள். அவர் எப்படித் துரத்துவார்? தானே அப்படிக் கதவு தேடி அலைந்தவர்தானே.

நாங்கள் கோப்பைப் பார்க்கும்போது, "அற்புதமான சேவை" என்று எழுதிவிட்டு, "ஆனால் கட்டுரை குறைவு" என்போம். அந்தக் குழுக்களில் அவரைப் போட்டதே நாங்கள்தான். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

---

தென்கரை

அவளுக்கு இப்போது ஏழு குழு. ஏழாவது, வளாகத்தில் ஸ்பானிஷ் பேசும் பெற்றோர்களை வரவேற்கும் குழு. "உனக்கு இது சுலபம்தானே" என்றார்களாம்.

இன்னொரு விஷயம். அவள் கட்டடத்தில் மாணவர்கள் ஆண் ஆசிரியர்களைப் புரொஃபசர் என்கிறார்கள், இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முதல் மாதம் நகல் எடுக்கும் அறையில் ஒருவர் இவளிடம் காகிதம் தீர்ந்துவிட்டது, நிரப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே அவளை 'தொக்தோரா' என்று கூப்பிடும் ஒரே ஆள், மாலையில் தரை துடைக்க வரும் குவாத்தமாலாக்கார அம்மா. குப்பைக் கூடையை எடுத்துவிட்டு, "இன்னும் வீட்டுக்குப் போகவில்லையா, மிஹா?" என்பார். மிஹா என்றால் மகளே. "டாக்டர், மகளே, இரண்டையும் ஒரே வாயால் சொல்வது அவர் ஒருத்திதான்" என்றாள்.

---

நிலாமுற்றம்

ஸ்பானிஷில் எதுகாசியோன் என்றொரு சொல் உண்டு. கல்விக்கும் அதுதான், வளர்ப்புக்கும் அதுதான். 'பியென் எதுகாதா' என்றால் நல்ல பண்போடு வளர்ந்த பெண். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதவள், தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ளாதவள். அப்படி வளர்ந்தவளைக் கருத்தரங்கில் குறுக்கே பேசு, விண்ணப்பத்தில் 'நான்தான் முதன்முதலில் நிறுவினேன்' என்று எழுது என்கிறார்கள். பேசாவிட்டால் கருத்தில்லாதவள். பேசினால் கோபக்காரி, சூடான ரத்தம் என்று சினிமாவில் பார்த்ததையெல்லாம் கொண்டுவந்து ஒட்டுவார்கள்.

ஆனால் வீட்டுப் பண்பாட்டைச் சுமையாகவே பார்க்கும் எழுத்தோடு எனக்கு உடன்பாடில்லை. 2005-ல் தாரா யோசோ என்ற சிகானா ஆய்வாளர் இதைத் திருப்பிப் போட்டார். இந்தக் குடும்பங்களிடம் எது இல்லை என்று பட்டியல் போடுவதை விட்டுவிட்டு எது இருக்கிறது என்று பாருங்கள் என்றார். கனவைக் கைவிடாதது, மொழி, குடும்பம், உறவு வலை, நமக்கென்று கட்டாத நிறுவனத்துக்குள் வழி கண்டுபிடிப்பது, எதிர்த்து நிற்பது என்று ஆறு வகைச் செல்வம். வங்கியில் அம்மாவுக்காக எட்டு வயதில் மொழிபெயர்த்த குழந்தையிடம், இரண்டு உலகத்துக்கும் நடுவில் நின்று பேசும் திறன் இருக்கிறது. அதற்கு மதிப்பெண் கொடுக்கும் இடம்தான் பல்கலைக்கழகத்தில் இல்லை.

அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. 1982-லேயே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சிகானா ஆசிரியர்களும் மாணவிகளும் சேர்ந்து முஹேரெஸ் ஆக்திவாஸ் என்று தொடங்கும் பெயரில் ஒரு அமைப்பைக் கட்டினார்கள், சுருக்கமாக மால்க்ஸ். ஆளுக்கொரு துறையில் தனியாக இருப்பவர்களைக் கோடையில் ஒரே இடத்தில் உட்காரவைப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. வேலை ஒப்பந்தத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் இப்படிப்பட்ட கூட்டங்களில் காதோடு காதாகப் பரவுகிற விஷயம்.

---

கடைசிபெஞ்ச்

ஹார்வர்டில் 2019-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். லோர்ஹியா கார்சியா பேன்யா, டொமினிக்கன் குடியரசில் பிறந்து நியூ ஜெர்சியில் வளர்ந்த கறுப்பின லத்தீனா. முன்பு ஜார்ஜியா மாநிலம் ஆவணமில்லாத மாணவர்களை முன்னணி அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கக்கூடாது என்றபோது, அவர்களுக்கென்று ஃப்ரீடம் யுனிவர்சிட்டி என்ற வகுப்புகளைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஹார்வர்ட் அவருக்கு டென்யூர் மறுத்தது. மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தில் போய் உட்கார்ந்தார்கள். நாடெங்கிலிருந்தும் ஆசிரியர்கள் கடிதம் எழுதினார்கள். முடிவு மாறவில்லை. 2021-ல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் அவரை நிரந்தரப் பேராசிரியராக எடுத்துக்கொண்டது, பிறகு பிரின்ஸ்டன் போனார். ஒரே ஆய்வு, ஒரே ஆள், ஒரு இடத்தில் போதவில்லை, இன்னொரு இடத்தில் போதும்.

ஹார்வர்ட் மறுத்ததற்கு அடுத்த வருடமே இதற்கு நேரெதிராக ஒரு கூத்து. ஜெசிக்கா க்ரூக் என்ற வரலாற்றுப் பேராசிரியர், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்த கறுப்பின லத்தீனா என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர், 2020 செப்டம்பரில் அது பொய் என்று தானே எழுதி ஒப்புக்கொண்டார். கான்சஸ் நகரத்தின் புறநகரில் வளர்ந்த வெள்ளை யூதப் பெண். சில நாளில் வேலையை விட்டார்.

அதில் என்னை உறுத்தியது பொய் மட்டும் இல்லை. அவர் ஆக்ரோஷமாகப் பேசியதை 'அசல்' என்று நம்பினார்கள். உண்மையான லத்தீனா அமைதியாகப் பேசினால் ஏதோ குறைகிறது என்கிறார்கள். அசலைவிட வேஷம் அவர்கள் மனதிலிருந்த படத்துக்குப் பொருந்திவிட்டது.

---

சிகாகோ_சித்தப்பா

பெஞ்ச் சொன்னது சரியான இடி. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 3 சதவீதம் என்பதும் ஒரே நிறத் துணி இல்லை. புவனோஸ் ஐரஸில் டாக்டர் குடும்பத்தில் பிறந்து, தனியார் பள்ளியில் படித்து, பிஎச்டிக்கு வந்த வெள்ளைத்தோல் பெண்ணும் அதே கட்டத்தில் டிக் போடுவார். டெக்சாஸ் எல்லைக்காரியும் அதே கட்டம். பல்கலைக்கழகத்துக்கு இரண்டும் ஒரே எண். நம்ம ஊரில் கிரீமி லேயர் என்று சண்டை போடுகிறோமே, அங்கே அந்தச் சண்டைக்கான சொல்லே புழக்கத்தில் இல்லை.

---

மணற்கேணி

லத்தீனோ மாணவர்களுக்கென்றே பல்கலைக்கழகங்கள் இருப்பதாகப் படித்தேனே. அங்கே போனால் நிலைமை பரவாயில்லையா?

---

நிலாமுற்றம்

அவர்களுக்கென்று கட்டியவை அல்ல. இளநிலை மாணவர்களில் 25 சதவீதம் பேர் ஹிஸ்பானிக்காக இருந்தால் அந்தப் பட்டியலில் சேரலாம். 1992-ல் சட்டத்தில் வந்த வகை, இப்போது 600 அளவில் இருக்கின்றன. லத்தீனோ இளநிலை மாணவர்களில் மூன்றில் இரண்டு பேர் அங்கேதான் படிக்கிறார்கள். ஆனால் மாணவர் விகிதம் ஏறிய வேகத்தில் ஆசிரியர் விகிதம் ஏறவில்லை. வகுப்பில் பாதிப்பேர் லத்தீனோ, மேடையில் நிற்பவர் அல்ல என்பது அங்கேயும் சகஜம்.

இப்போது அந்தப் பணமும் ஆடிக்கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வித் துறை இவை உட்பட, சிறுபான்மை மாணவர்கள் அதிகமுள்ள நிறுவனங்களுக்கான நிதியில் சுமார் 35 கோடி டாலரை நிறுத்துவதாக அறிவித்தது. டெக்சாஸில் 2024 ஜனவரியிலிருந்து அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்தன்மை அலுவலகங்களே கூடாது. ஃபோர்ட் அறக்கட்டளை பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவந்த முனைவர், போஸ்ட்டாக் உதவித்தொகைகளை முடித்துக்கொள்வதாக 2022-லேயே சொல்லிவிட்டது. வணிகவியல் பிஎச்டிக்குச் சிறுபான்மையினரைத் தயார்செய்யும் பிஎச்டி ப்ராஜெக்ட் என்ற அமைப்போடு தொடர்பு வைத்திருந்ததற்காக 2025 மார்ச்சில் 45 பல்கலைக்கழகங்கள் மீது விசாரணை. ஏறுவதற்கு வைத்த ஏணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

---

வாலாஜா_ரோடு

அப்படியானால் இந்தப் படிப்பே எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. கிண்டலாகக் கேட்கவில்லை.

---

சிகாகோ_சித்தப்பா

கேட்பவர்கள் நிறைய. நாட்டில் கல்லூரி, பல்கலைக்கழகங்களில் கற்பிப்பவர்களில் 2021-ல் 68 சதவீதம் பேர் நிரந்தரமில்லாத வேலையில் இருந்தார்கள். 1987-ல் அது 47. முன்வாசல் திறந்து லத்தீனாக்கள் உள்ளே வரத் தொடங்கிய காலமும், உள்ளே நிரந்தர நாற்காலிகள் குறைந்த காலமும் ஒன்றாகவே ஓடியிருக்கின்றன. இதில் யார் பேரிலும் சதி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பந்தி பரிமாறி முடிகிற நேரத்தில் அழைப்பு வந்த மாதிரிதான்.

அதே நேரம், போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. ஜூலியட் கார்சியா 1986-ல் டெக்சாஸ் சவுத்மோஸ்ட் கல்லூரித் தலைவரானார், அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் மெக்சிகோ வம்சாவளிப் பெண். வானியற்பியலாளர் பிரான்ஸ் கோர்தோவா ஸ்டான்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, கால்டெக்கில் இயற்பியல் பிஎச்டி வாங்கி, கடைசியில் 2014 முதல் ஆறு வருடம் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கே இயக்குநராக இருந்தார். மில்ட்ரெட் கார்சியா 2023-ல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்புக்கு வேந்தரானார். எனக்கு என்ன வருத்தம் என்றால், ஒவ்வொருவரையும் 'முதல்' என்று எழுதிக்கொண்டே இருக்கிறோம். இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணத் தேவையில்லாத நிலை எப்போதோ வந்திருக்க வேண்டும்.

---

தென்கரை

நேற்று மறுபடி பேசினோம். மூன்றாம் ஆண்டு மதிப்பீட்டுக் கடிதம் வந்துவிட்டது. சித்தப்பா சொன்ன அதே வாசகம்: சேவை அற்புதம், வெளியீட்டு வேகத்தில் கவனம் தேவை. சிரித்துக்கொண்டுதான் படித்துக் காட்டினாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்த முறை அழுது முடித்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். ஏழு குழுவுக்கு மாதம் எத்தனை மணி நேரம் போகிறது என்று ஒரு தாளில் எழுதி, நான்கிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தாள். மூன்று குழுவில் சரி என்றுவிட்டார்கள். நான்காவது அந்தப் பெற்றோர் வரவேற்புக் குழு. விலகுவதில் ஆட்சேபம் இல்லை, உன் இடத்துக்குத் துறையிலிருந்து வேறொரு பெயர் கொடு என்றார்களாம். அந்தத் துறையில் ஸ்பானிஷ் பேசும் இன்னொரு ஆசிரியர் கிடையாது.

---

பொரிவிளங்காய்

பிறகு யார் பெயரைத்தான் கொடுத்தார்?

---

தென்கரை

துறைத்தலைவர் பெயரை. அவர் கல்லூரியில் இரண்டு வருடம் ஸ்பானிஷ் படித்ததாகச் சாப்பாட்டு மேசையில் ஒரு தடவை சொன்னாராம். பதில் இன்னும் வரவில்லை.